இருபத்திரண்டு மனுவும் ஒரு பாஸ்வேர்டும்

வைகாசி மாதம், திங்கட்கிழமை, காலை பதினோரு மணிக்கு, என் வீட்டில் என் ஆட்சியை மறுபடி நிலைநாட்டுவது என்று முடிவு செய்தேன். மாதம், கிழமை, மணி எல்லாம் சரியாக நினைவிருக்கிறது. அப்போது புத்தி எங்கே போயிருந்தது என்பதுதான் நினைவில்லை.

ஆட்சி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பாபநாசத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அதில் எங்கள் தெரு. தெருவில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்திருக்கும் இந்த இளையபெருமாளிடம் நாலு பேர் மனு எழுதிக் கேட்டு வர வேண்டும். என் சாம்ராஜ்யத்தின் எல்லை அவ்வளவுதான்.

இருபத்தைந்து வருடம் அப்படித்தான் வந்தார்கள். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நான். என் அப்பா கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், இன்றைக்கு என் பெயரில் இருக்கிறது. பட்டா மாற்றம், முதியோர் பென்சன், வாய்க்கால் தூர்வாரல், எதுவானாலும் என் பேனாதான். ‘சமூகம் மேன்மை தங்கிய ஐயா அவர்களின் மேலான திருச்சமூகத்திற்கு’ என்று தொடங்கினேன் என்றால், விஷயத்துக்கு வருவதற்குள் இரண்டாம் பக்கம் வந்துவிடும். எதிரே நிற்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

பிறகு லேப்டாப் வந்தது. என் மகள் எழில்மொழி சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். தன் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டுக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். முதலில் எனக்குத்தான் சொல்லிக்கொடுக்க வந்தாள். அதையும் சொல்லிவிட வேண்டும். ‘என்கிட்டப் பேனா இருக்கு பாப்பா’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் அம்மாவிடம் போனாள். என் மனைவி மதிவதனி பத்தே நாளில் தமிழில் தட்டப் பழகிவிட்டாள்.

அதற்கப்புறம் என் நாற்காலியைத் தாண்டிப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்.

“அக்கா இருக்காங்களா?”

இருக்காங்க. எங்கே போவாங்க? உள்ளே உட்கார்ந்து முக்கால் பக்கத்தில் மனு தட்டிக்கொண்டிருப்பாங்க. பொருள், விவரம், கோரிக்கை, கையெழுத்து. ஒரு மேன்மை கிடையாது, ஒரு திருச்சமூகம் கிடையாது. ஆனாலும் அந்த மனுக்களுக்குப் பதில் வந்தது. வந்த பதிலை ஜனங்கள் என் நாற்காலியைத் தாண்டி எடுத்துக்கொண்டு போய் அவளிடம் காட்டினார்கள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் பிர்க்கா கிராமங்களுக்கு ஜமாபந்தி. வருடத்தில் ஒருமுறை தாலுகா ஆபீசில் பந்தல் போட்டு, ஊர் ஊராகக் கணக்கு பார்த்து, நேரிலேயே மனு வாங்கும் நாள். அதை விட்டால் அடுத்த வருடம்தான். எங்கள் தெருவில் மனைப் பட்டா இல்லாத வீடு இருபத்திரண்டு. மூன்று மாதமாக மதி வீடு வீடாகப் போய் சர்வே நம்பர், நாலு பக்க எல்லை, குடியிருக்கும் வருடம் எல்லாம் கேட்டு, இருபத்திரண்டு மனுவும் அந்த லேப்டாப்பில் தட்டி வைத்திருந்தாள்.

லேப்டாப் யார் கையிலோ, மனு அவர் கையில். மனு யார் கையிலோ, தெரு அவர் கையில். அந்தத் திங்கட்கிழமை நான் கண்டுபிடித்த தத்துவம் இது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டால், திறந்து விடச் சொல்லி எல்லோரும் என் நாற்காலிக்குத்தானே வர வேண்டும்? மதி உள்பட?

அவள் விட்டுப்போன விவரம் கேட்கத் தெருவின் கீழ்க்கோடிப் பக்கம் போயிருந்தாள். லேப்டாப்பைத் திறந்தபடியே விட்டுப் போயிருந்தாள். பழைய பாஸ்வேர்டு ரகசியமும் இல்லை. எங்கள் கல்யாணத் தேதி, எட்டே எண்கள். ‘நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீங்க திறக்கணும்ல’ என்று அவளே சொல்லியிருந்தாள். எதையும் ஒளிக்கத் தெரியாதவளிடம் திருடினேன். தேதிதான் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவின் அடியில் பார்த்துக்கொண்டேன்.

எழில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது ஓரக்கண்ணால் பார்த்து வைத்திருந்த இடத்தைத் திறந்தேன். பழையதைக் கேட்டது. தேதியைத் தட்டினேன். புதியது கேட்டது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஆங்கிலத்தில் என் பெயரைத் தட்டினேன். எழுத்து தெரியாமல் வரிசையாகப் புள்ளி விழுந்தது. இன்னொரு தடவை தட்டச் சொன்னது. தட்டினேன். மாறிவிட்டது என்றது. அணைத்தேன்.

சும்மா இருந்திருக்கலாம். வெற்றியை ஒருமுறை ஒத்திகை பார்ப்போமே என்று மறுபடி போட்டேன். பெயரைத் தட்டினேன். தவறு என்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டினேன். தவறு என்றது. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சொல்லித் தட்டினேன். மூன்று முறை தவறிவிட்டது, பத்து நிமிடம் கழித்து வா என்றது. அது எழில் பாதுகாப்புக்காகச் செய்து வைத்த ஏற்பாடாம்.

பத்து நிமிடம் வாசலில் போய் நின்றேன். திரும்பி வந்து தட்டினேன். மறுபடி மூன்று தவறு, மறுபடி பத்து நிமிடம். என் வீட்டில், என் மேஜையில், என் பெயர் செல்லுபடியாகவில்லை.

நான்காவது பத்து நிமிடத்தில் மதி வந்துவிட்டாள். தனியாக வரவில்லை. கூடவே கண்ணாத்தாள் சின்னம்மா. எழுபது வயதுக்கு மேலிருக்கும். மூன்று சென்ட் மனையில் நாற்பது வருடமாகக் குடியிருக்கிறது. மனை அதன் பெயரில் இல்லை. பட்டா இருந்தால்தான் அரசாங்க வீடு கட்டும் திட்டத்தில் பெயர் சேரும். இல்லையென்றால் வருகிற ஐப்பசி மழைக்கும் அதே ஒழுகல் கூரைதான், அதே பானை சட்டியைப் பரப்பி வைத்துத் தண்ணீர் பிடிப்பதுதான்.

மதி உட்கார்ந்து தேதியைத் தட்டினாள். தவறு என்றது. இன்னொரு தடவை தட்டினாள். என்னைப் பார்த்தாள்.

“ஏங்க, இது திறக்கமாட்டேங்குது.”

“அப்படியா?”

“நீங்க தொட்டீங்களா?”

“நான் எதுக்குத் தொடறேன்? எனக்கும் அதுக்கும் என்ன பேச்சுவார்த்தை?”

“காலைல நல்லாத்தானே இருந்துச்சு.”

“வெயில் ஜாஸ்தி மதி. சூடு ஏறியிருக்கும்.”

“சூடு ஏறுனா பாஸ்வேர்டு மறந்துருமா?”

“மனுசனுக்கே மறக்குது. அது மெசினு.”

சின்னம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றது. “எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கா மதி?”

“இதுக்குள்ளதான் சின்னம்மா.”

“எம்மனுவும்?”

“ஒங்க மனுவும்தான்.”

சின்னம்மா என் பக்கம் திரும்பியது. “வந்துருமா தம்பி?”

“வந்துரும் சின்னம்மா. எங்க போயிரும்?”

சொன்ன வாய்க்கு அப்போதே ஒரு அறை கொடுத்திருக்க வேண்டும். ‘நான்தான் மாத்தினேன், எனக்கே திறக்கத் தெரியல’ என்று ஒரு வரி. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். வாய்க்காலில் தண்ணீர் வர இன்னும் பத்து நாள் இருந்தது. காய்ந்த வரப்பில் சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் வேலையாக பாபநாசத்தில் பக்கீர் முகம்மது கடைக்குப் போனேன். ஜெராக்ஸ், பிரிண்ட், செல்போன் ரிப்பேர் எல்லாம் அவர்தான். ஊரில் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வந்தால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

“என்னண்ணே, காலைலேயே?”

“ஒரு லேப்டாப்பு, பாஸ்வேர்டு தானா மாறிருச்சு பாய்.”

“தானா மாறாதுண்ணே.”

“மாறிருச்சுங்கறேன்.”

“யாராச்சும் மாத்தினாத்தான் மாறும்.”

“ஒரு பேச்சுக்கு, யாரோ மாத்திட்டாங்கன்னே வைங்க. திறக்க முடியுமா?”

“விண்டோசுன்னா நான் பாத்துருவேன். இது லினக்ஸாச்சே. எழில் பாப்பாவுக்கே ஒரு போனைப் போடுங்க.”

நான் லினக்ஸ் என்று சொல்லவே இல்லை. அது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை. பக்கீர் பாய் ஏன் என் முகத்தைப் பார்க்காமல் பிரிண்டரையே துடைத்துக்கொண்டிருந்தார் என்பதும் உறைக்கவில்லை.

கடைக்கு வெளியே நின்று எழிலுக்குப் போன் செய்தேன்.

“பாப்பா, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. அம்மாகிட்டச் சொல்லாத.”

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு இருமல் வந்து பாதியில் நின்றது. யாரோ வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி இருந்தது.

“சரிப்பா. புது பாஸ்வேர்டு போட வழி இருக்கு. ஆனா எனக்கு வியாழக்கிழமை மத்தியானம்தான் நேரம்.”

“வெள்ளிக்கிழமை ஜமாபந்திம்மா!”

“அதான் வியாழக்கிழமையே சொல்றேன்ல. பேசாம அம்மாகிட்ட உண்மையச் சொல்லிடுங்களேன்ப்பா.”

“அதுக்கு நான் அந்த வாய்க்கால்லயே விழுந்துருவேன்.”

“தண்ணி இல்லையேப்பா.”

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் பாய் விரித்திருந்தது. அதன்மேல் ஒரு கட்டு வெள்ளைத்தாள், இரண்டு பேனா, என் பழைய எழுத்துப் பலகை. பக்கத்தில் மதி தன் குறிப்பு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

“உக்காருங்க.”

“என்ன மதி?”

“மெசின் திறக்குமோ திறக்காதோ. வெள்ளிக்கிழமை நமக்காக நிக்காது. இருபத்திரண்டு மனுவையும் கையால எழுதிருவோம். ஒங்க கையெழுத்து முத்து மாதிரி இருக்கும்ல.”

எத்தனை வருடம் கழித்து இப்படி ஒரு வார்த்தை! எனக்குள்ளே ஒரு குளிர்ச்சி. பாஸ்வேர்டு போனாலும் பரவாயில்லை, நான் கேட்டது என்னவோ கிடைத்துவிட்டது. பேனாவை உதறிக்கொண்டு தொடங்கினேன். “சமூகம் மேன்மை தங்கிய...”

“அதெல்லாம் வேண்டாங்க. அனுப்புநர், பெறுநர், பொருள்.”

“ஒரு மரியாதைக்கு, மதி.”

“மரியாதையப் படிக்க அவங்களுக்கு நேரம் இல்லைங்க. ஒரே நாள்ல ஆயிரம் மனு பாக்கணும். நான் சொல்றதை மட்டும் எழுதுங்க.”

அவள் சொன்னதை மட்டும் எழுதினேன். செவ்வாய் சாயந்திரத்துக்குள் ஏழு மனு முடிந்தது, கட்டை விரல் வீங்கியது. ஒவ்வொரு மனு முடிந்ததும் அவள் நோட்டை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். வீக்கத்தைப் பார்த்து இரக்கப்படுகிறாள் என்று நினைத்தேன். ‘பரவாயில்ல, அடுத்ததைச் சொல்லு’ என்று வீரமாகச் சொன்னேன். அவளும் ஒரு பெருமூச்சு விட்டு அடுத்ததைச் சொன்னாள்.

புதன்கிழமை காலை பதினோராவது மனு கண்ணாத்தாள் சின்னம்மாவுடையது. இதை யாரும் சொல்லவே வேண்டாம், எனக்கு மனப்பாடம். மதிக்கு லேப்டாப் வருவதற்கு முன்னால் எட்டு ஜமாபந்திக்கு நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் மனுக்களிலேயே நீளமானது அது.

“சர்வே நம்பர் நூத்திப் பதினாலு பார் ரெண்டு பி” என்றாள் மதி.

“எண்பத்தேழு” என்றேன்.

“நூத்திப் பதினாலு பார் ரெண்டு பி.”

“மதி, எட்டு வருசம் எழுதுனவன் நான். எண்பத்தேழுதான். தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.”

அவள் நோட்டை மூடினாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

“எண்பத்தேழு பழைய நம்பருங்க. மறு அளவை செஞ்சு எல்லா நம்பரும் மாறி முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. எண்பத்தேழு இப்போ மாரியம்மன் கோயில் குளம்.”

“அப்போ நான்?”

“எழுதுங்க. நேரம் ஆகுது.”

“அப்போ எட்டு வருசமா நான் சின்னம்மாவுக்குக் குளத்துல பட்டா கேட்டேனா?”

அவள் தாளை என் பக்கம் நகர்த்தினாள். எனக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் மனு திரும்பி வரும். ‘புல எண்ணைச் சரிபார்த்து மீண்டும் விண்ணப்பிக்கவும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நான் படித்திருக்கிறேன். படித்துவிட்டு, மனுவில் உருக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்த வருடம் இன்னும் ஒரு பக்கம் சேர்த்திருக்கிறேன். என் அறிவைச் சரிபார்க்கச் சொன்னால் எனக்குப் பிடிக்காது. ஒரு எண்ணைச் சரிபார்க்கச் சோம்பல். அந்தம்மா எட்டு ஐப்பசி ஒழுகும் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு முறையும் ‘நல்லா எழுதிருக்கே தம்பி’ என்று சொல்லி, தோட்டத்துப் பூசணி ஒன்றைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனது. அந்தப் பூசணியையெல்லாம் நான் கூட்டு வைக்கச் சொல்லிச் சாப்பிட்டேன்.

“ஒனக்கு எப்பத் தெரியும் மதி?”

“மூணு மாசம் முன்னாடி. நம்பரைச் சரிபாத்தப்போ.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்.”

என் தவறை மூன்று மாதம் யாருக்கும் தெரியாமல் மூடி வைத்திருந்தவளின் லேப்டாப்பை நான் மூன்று நாளாகப் பூட்டி வைத்திருந்தேன். நூற்றுப் பதினான்கு பார் இரண்டு பி என்று எழுதினேன். மனு முடிந்ததும் மதி வழக்கம்போல நோட்டை மடியில் வைத்து என்னைப் பார்த்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நுனி நாக்குவரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, “பன்னெண்டாவது யாருது?” என்று கேட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மதி மனுக்களில் கைநாட்டு வாங்க வெளியே போனாள். எழில் சரியாக இரண்டு மணிக்குக் கூப்பிட்டாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன்.

“ஆன் பண்ணுங்கப்பா. உடனே இடது பக்கம் ஷிஃப்ட்டை அமுக்கிப் பிடிச்சுக்கங்க. விடாதீங்க.”

“பிடிச்சுட்டேன்.”

“கருப்பா ஒரு பட்டியல் வருதா? ரெண்டாவது வரிக்குப் போய் என்டர். அதுல ரெக்கவரின்னு இருக்கும், அதுக்குப் போங்க. மறுபடி என்டர்.”

ஓடியது. எழுத்து எழுத்தாகத் திரை முழுவதும் ஓடியது. எங்கள் ஊர் அடங்கல் நிலக் கணக்கு முழுவதையும் ஒரே மூச்சில் படிப்பதுபோல இருந்தது. கடைசியில் ஒரு பெட்டி வந்தது. அதில் ரூட் என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள்.

“இப்போ நீங்கதான்ப்பா இந்த மெசினுக்கு ராஜா. என்ன சொன்னாலும் கேக்கும். பாத்துத் தட்டுங்க.”

அந்தத் திங்கட்கிழமை இதைச் சொல்லியிருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். அன்றைக்கு ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அவள் சொன்ன ஒரு வரியை இடைவெளி இல்லாமல் தட்டினேன், முடியாது என்றது. இடைவெளி விட்டுத் தட்டினேன், பேசாமல் இருந்தது. பேசாமல் இருந்தால் சம்மதம் என்றாள் எழில்.

“இப்போ பாஸ்வேர்டு மாத்துற கட்டளை. பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி. இடைவெளி. அம்மா பேரு. என்டர். இப்போ புது பாஸ்வேர்டைத் தட்டுங்க.”

தட்டினேன். திரையில் ஒன்றும் விழவில்லை. ஓங்கித் தட்டினேன். ஒன்றும் இல்லை.

“பாப்பா, கீபோர்டு செத்துப்போச்சு!”

“சாகலப்பா. அது காட்டாது. புள்ளிகூட விழாது. நீங்க தட்டுனா அது வாங்கிக்கும்.”

“வாங்கிக்கிச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. நம்பணும்.”

முப்பது வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு ஒரு மெசின் நம்பிக்கையைப் பற்றிப் பாடம் எடுக்கிறது. நம்பித் தட்டினேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றது. நான் ஓங்கித் தட்டியதெல்லாம் சேர்ந்துவிட்டதாம். மறுபடி முதலிலிருந்து, மெதுவாக. இந்த முறை கல்யாணத் தேதியையே போட்டேன். போட்டோவைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மாறிவிட்டது என்றது. அணைத்துப் போட்டேன். தேதியைத் தட்டினேன்.

திறந்தது!

எழிலுக்கு நன்றி சொல்லிப் போனை வைத்தேன். மனுக்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருபத்திரண்டும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கடைசியாகத் திறந்து திருத்திய நேரம் இருந்தது. கண்ணாத்தாள் மனு, திங்கள், பிற்பகல் மூன்று நாற்பது.

நான் பூட்டியது திங்கள் காலை பதினோரு மணி.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். திங்கள், மூன்று நாற்பது. நான் காய்ந்த வரப்பில் உட்கார்ந்திருந்த நேரம்.

“திறந்துட்டீங்களா?” என்று வாசலிலிருந்து குரல் கேட்டது. மதி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“நீ திங்கட்கிழமையே திறந்துட்டியா?”

“ஆமா.”

“எப்படி?”

“நான் தமிழ்ல தட்டிக்கிட்டிருந்தேன். கீபோர்டைத் தமிழ்லயே விட்டுட்டுப் போயிட்டேன். எண்ணு எதுலயும் எண்ணுதான், அதான் தேதியை ஏத்துக்கிச்சு. ஆனா நீங்க இங்கிலீசுன்னு நெனச்சுத் தட்டுனது உள்ள தமிழ் எழுத்தா விழுந்திருக்கு. புள்ளி புள்ளியா இருந்ததுல ஒங்களுக்குத் தெரியல. மெசினை அணைச்சுப் போட்டா அது இங்கிலீசுக்கு வந்துரும். நான் மறுபடி தமிழுக்கு மாத்தித் தட்டினேன், திறந்துச்சு.”

“நான் என்ன வார்த்தை போட்டேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. மூணு வாய்ப்புதானே. மொதல்ல எழில் பேரைத் தட்டினேன். இல்ல. ரெண்டாவதா என் பேரைத் தட்டினேன்.”

கழற்றிய செருப்பை ஓரமாக வைத்தாள்.

“ஆசைக்குத்தான் தட்டிப் பாத்தேன். அதுவும் இல்ல. மூணாவது ஒங்க பேரு.”

அவள் சண்டை போட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. ஒரு நொடிகூட யோசிக்காமல் என் பெயரைப் போட்ட அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல்கள் நன்றாக வீங்கியிருந்தன.

“அப்போ மனுவெல்லாம்?”

“திங்கட்கிழமை சாயந்திரமே பக்கீர் பாய் கடையில பிரிண்ட் எடுத்தாச்சு. எழிலுக்கும் தெரியும். நான்தான் வியாழக்கிழமை வரைக்கும் இழுக்கச் சொன்னேன்.”

“அப்புறம் எதுக்குடி என்னை இருபத்திரண்டு மனு எழுத வெச்ச?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். இருபத்திரண்டு தடவை நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். ஒரு தடவைகூடச் சொல்லலியே நீங்க.”

“மன்னிச்சிரு மதி.”

“காப்பி குடிக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். மன்னித்தாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீஸ் பந்தலில் எங்கள் தெருவே உட்கார்ந்திருந்தது. மதி பையிலிருந்து பிரிண்ட் எடுத்த மனுக்களை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். கண்ணாத்தாள் சின்னம்மா கையில் மட்டும் நான் எழுதிய மனுவைக் கொடுத்தாள்.

“அது எதுக்கு?” என்று காதோடு கேட்டேன்.

“எட்டு வருசம் தப்பா எழுதுன கை. ஒரு வருசமாச்சும் சரியா எழுதுனதா இருக்கட்டும்.”

சின்னம்மா மனுவோடு போனது. நான் துணைக்குப் பின்னால் நின்றேன். மேஜையில் இருந்த கிளார்க் மனுவைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

“இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியுமே பாட்டி. வருசத்துக்கு ஒரு பக்கம் கூடிக்கிட்டே வரும், குளத்துல பட்டா கேட்டு. நாங்க எல்லாரும் உக்காந்து படிப்போம். இந்த வருசம் நம்பர் சரியா இருக்கே. யாரு எழுதுனது?”

“எங்க இளையபெருமாள் தம்பிதான் எழுதுச்சு” என்றது சின்னம்மா, பெருமையாக என்னைக் காட்டி.

கிளார்க் என்னைப் பார்த்தார். “அப்போ நம்பர் யாரு சொன்னது?”

“என் சம்சாரம்” என்றேன். அந்த வாரத்திலேயே நாலு பேர் முன்னால் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். மனு ஏற்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் சர்வேயர் வந்து மனையை அளப்பார் என்று எழுதிக் கொடுத்தார்கள். சின்னம்மா அந்தத் தாளை முந்தானையில் முடிந்துகொண்டு, “நல்லா எழுதிருக்கே தம்பி” என்றது. எட்டு வருடம் அந்த வார்த்தையைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்தியவன் நான். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மதியிடம் சொன்னேன். “நீயே ஒரு புது பாஸ்வேர்டு போட்டுக்க. எனக்குச் சொல்ல வேண்டாம். மெசின் பக்கமே வரமாட்டேன்.”

“ஏன் அப்படிச் சொல்றீங்க? நீங்களும் தட்டப் பழகுங்க. நானே சொல்லித் தர்றேன். எழில் ஒங்களுக்குன்னு தனியா ஒரு அக்கவுண்ட் திறந்து வெச்சிருக்கா. ஒங்க பேருலயே.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தியைப் போய்ப் பூட்டி வைக்கப் பார்த்தேனே என்று நெஞ்சு கனத்தது.

“அதுக்குப் பாஸ்வேர்டு என்ன மதி?”

“மனு எழுதிக் குடுங்க, பாக்கலாம்.”

“மனுவா?”

“எதுக்கு வேணும், என்ன செய்யப் போறீங்க, எல்லாம் விவரமா. முக்கால் பக்கத்துக்கு மேல போகக் கூடாது.”

அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். பொருள், விவரம், கோரிக்கை, கையெழுத்து, எல்லாம் முறைப்படி. இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்கிறாள்.